மூன்று வயலின், ஒரு சுருதி: 'ஃபிராட்ரெஸ்' வழியில் முதல் பயிற்சி

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1977இல் எழுதிய படைப்பு 'ஃபிராட்ரெஸ்'. இலத்தீனில் 'சகோதரர்கள்' என்று பொருள். இரண்டு வயலின், வியோலா, செலோ என நால்வர் வாசிக்கவும் பின்னாளில் அதை அமைத்தார். அந்த நால்வரில் ஒரு வயலின் தொடக்கம் முதல் முடிவு வரை ச–ப இடைவெளியை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். நமக்கு அது சுருதிதானே! மட்டக்களப்பில் கர்நாடக வயலின் பழகும் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தால், இதன் அடிப்படையை ஒரே மாலையில் வாசித்துப் பார்க்கலாம்.

முதலில், மூன்று வயலினையும் வழக்கம்போல ச ப ச ப என்று சேருங்கள். மாரி மழைக்குப் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகும், வறண்ட கச்சான் காற்று வீசினால் வழுக்கும்; அவசரப்படாதீர்கள். முதலாமவர் தடித்த இரண்டு தந்திகளையும் சேர்த்து நீள வில்லில் இழுக்கட்டும். வில் திரும்பும் இடத்தில் ஓசை அறக்கூடாது. இருப்பதிலேயே கடினமான வேலை இதுதான். நல்ல கைக்காரருக்கே கொடுங்கள்.

இரண்டாமவருக்கு மெட்டு, நடபைரவி ராகத்தில்:

ச ரி நி ச
ச ரி க த நி ச
ச ரி க ம ப த நி ச

ப, த, நி மூன்றும் மந்தர ஸ்தாயி, அதாவது ச-வுக்குக் கீழே உள்ளவை. முதல் சுவரத்துக்கு 2 அட்சரம் (தாள எண்ணிக்கை), கடைசிக்கு 3, இடையில் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்று. எண்ணினால் 7, 9, 11. மெட்டு நான் அமைத்தது. கணக்கு ஃபிராட்ரெஸில் உள்ளதே. ஆறு போல அகன்றுகொண்டே போவதை ஸ்ரோதோவக யதி என்போமே, அதேதான்.

இங்கே கமகம், அதாவது சுவரத்தை அசைத்து வாசிப்பது, வேண்டாம். காந்தாரத்துக்கு (க) வந்ததும் நம் விரல் தானாக அசையும். பக்கத்தில் இருப்பவர் அந்த விரல் நகத்தைப் பார்க்கட்டும். நகம் அசைந்தால் சுவரமும் அசைந்துவிட்டது. சரி, மறுபடி.

மூன்றாமவருக்கு ச, க, ப மட்டுமே. மெட்டுச் சுவரத்துக்கு மேலே அடுத்து வருவது இவற்றில் எதுவோ அதை வாசிக்க வேண்டும்:

க க ச க
க க ப ச ச க
க க ப ப ச ச ச க

மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பேர்ட் இந்த முறைக்கு 'டின்டின்னாபுலி' என்று பெயர் வைத்தார். ரி-யும் க-வும் சேரும் இடத்தில் ஓசை உரசும். பிழை என்று பயந்து வில்லைத் தூக்காதீர்கள். பாடும் மீனைக் கேட்க கல்லடி வாவியில் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காது வைப்பார்களே, அந்தக் கவனத்தோடு அந்த உரசலைக் கேளுங்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

மூன்று வரியும் முடிந்ததும் சுருதி நிற்காமல் ஓடட்டும். மற்றவர்கள் ச தந்தியை விரலால் மீட்டி 6 அட்சரம் விடுங்கள். அப்புறம் மெட்டை இரண்டு சுவரம் கீழிறக்கி மந்தர த-வில் தொடங்குங்கள்: த நி ப த. மூன்றாமவருக்கு என்ன வரும் என்று முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். நான்கும் ச என்று வந்தால் கணக்குச் சரி, வில்லை எடுக்கலாம்.