பிரான்சுக்குப் புதிதாக வந்திருக்கும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு: விடாத வலி இருந்தால் என்ன செய்வது

பிரான்சுக்குக் கிளம்பும் குடும்பங்கள் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவது வழக்கம். பாரிசை ஒட்டிய ஊரில் 20 வருஷத்துக்கு மேல் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான், அதனால் என்ன எடுத்துப் போகலாம், குளிருக்கு எது வேண்டும் என்று கேட்பார்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே அட்டை அட்டையாக வலி மாத்திரை இருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி, அவருக்கு இடுப்பு, எனக்குத் தலைவலி, அங்கே போய் யாரைப் பார்ப்பது என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடலூரிலிருந்து கிளம்புபவர்களுக்கும், ஏற்கெனவே போய் இறங்கிவிட்டவர்களுக்கும் சேர்த்து.

முதலில் ஒரு விஷயம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, இறங்கிய அன்றே வைத்தியம் இலவசம் என்று நம் புதுச்சேரிக் குடும்பங்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடியுரிமை வேறு, வைத்தியச் செலவைத் திருப்பித் தரும் அரசுக் காப்பீடான செக்யூரித்தே சொசியால் வேறு. வேலையில் சேர்ந்தால் சேர்ந்த நாளிலிருந்து உரிமை வரும், வேலை இல்லாமல் போய் இறங்கினால் பொதுவாக 3 மாதம் அங்கே வசித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். குடும்பத்தோடு சேர வருபவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். அந்த இடைவெளிக்குத்தான் ஊரிலிருந்து மருந்து எடுத்துப் போக வேண்டும், அதையும் மருத்துவரின் சீட்டோடு, 3 மாத அளவுக்கு மிகாமல். பிறகு தீர்ந்துபோனால் கூரியரில் அனுப்பி வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கஸ்டம்ஸில் நிறுத்திவிடுவார்கள்.

உரிமை வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவரை உங்கள் மெத்சன் த்ரெத்தானாக, அதாவது உங்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவராக, பதிவு செய்வது. இப்போது பொது மருத்துவர் கட்டணம் 30 யூரோ. பதிவு செய்திருந்தால் அதில் 70 சதவீதம், 2 யூரோ கழித்து, 19 யூரோ திரும்ப வரும். பதிவு இல்லாமல் கண்ட மருத்துவரிடம் போனால் 7 யூரோதான். பணம் மட்டும் இல்லை, நாள்பட்ட வலிக்கு ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பதுதான் பாதி வைத்தியம். ஜிப்மரில் விடியற்காலை வரிசையில் நின்று சீட்டு வாங்கி நேராகப் பெரிய டாக்டரைப் பார்த்த பழக்கத்தில், அங்கேயும் நேராக எலும்பு டாக்டரிடம் போகலாம் என்று பார்க்காதீர்கள், இவர் கடிதம் இல்லாமல் போனால் திரும்ப வரும் பணம் குறைந்துவிடும்.

இப்போது வலிக்கு வருவோம். 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இருந்தால் அது நாள்பட்ட வலி. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் "வலிக்குது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! குடைச்சல், குத்தல், இழுப்பு, பிடிப்பு, கடுப்பு, எரிச்சல், மதமதப்பு, சுள்ளென்று இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது. எந்த வகை வலி, எந்த மருந்து என்று பிரிப்பதற்கு டாக்டருக்கு அந்தச் சொற்கள்தான் வேண்டும்.

மூட்டு தேய்ந்தோ, வீங்கியோ, தசை பிடித்தோ வருவது ஒரு வகை, அசைத்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். நரம்பே கெட்டு வருவது இன்னொரு வகை, எரியும், ஷாக் அடிக்கும், எறும்பு ஊரும், மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலும், அக்கி போன பிறகு அதே இடத்தில் தங்கிவிடும் வலியும் இதில் சேரும். எறும்பு ஊருகிறது என்று நாம் சொல்வதைப் பிரெஞ்சுக்காரர்கள் "ஃபுர்மிமான்" என்கிறார்கள், அதுவும் எறும்பு என்ற சொல்லிலிருந்தே வந்தது. எரிச்சலுக்கு "சா ப்ருல்", ஷாக் அடிப்பதற்கு "தெஷார்ழ் எலெக்த்ரிக்", மரத்துப்போவதற்கு "அங்குர்தி". இந்த நாலையும் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வலியைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட "தே என் கத்ர்" என்ற 10 குறிப்புகள் கொண்ட பட்டியலில் இதே சொற்கள்தான் வருகின்றன, 10க்கு 4 வந்தாலே நரம்பு வலி என்று சந்தேகிப்பார்கள்.

மூன்றாவது வகையைப் புரிந்துகொள்ளத்தான் நம் வீடுகளில் சிரமப்படுகிறார்கள். ஸ்கேன் சுத்தம், ரத்தம் சுத்தம், ஆனால் உடம்பு முழுக்க வலி, தூக்கம் இல்லை, களைப்பு. ஃபைப்ரோமயால்ஜியா இப்படித்தான். வலியை உணர்த்தும் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி முழித்துக்கொண்டிருக்கிறது, சின்னத் தொடுதலையும் பெரிய வலியாக அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே, நடிக்கிறாளா என்று மருமகளைப் பார்த்துக் கேட்ட வீடுகளை எனக்குத் தெரியும். தயவு செய்து கேட்காதீர்கள். அது உண்மையான வலி.

நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், காபாபென்டின், பிரிகாபாலின் போன்றவைதான் கொடுப்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்கான மருந்து என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் படித்ததும், எனக்கென்ன பைத்தியமா என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள், நரம்பு வழியாக ஏறும் வலிச் செய்தியை அது தணிக்கிறது. வாய் உலரும், தூக்கம் வரும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் கைவிடாதீர்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். பிரிகாபாலினுக்கு 2021இலிருந்தும், டிரமடோல், கோடீன் என்ற கடுமையான வலி மருந்துகள் இரண்டுக்கும் 2025 மார்ச்சிலிருந்தும் திருட்டுத்தனமாக நகல் எடுக்க முடியாத பாதுகாப்புத் தாளில்தான் சீட்டு எழுத வேண்டும் என்று அங்கே சட்டம். ஊர்ச் சீட்டைக் காட்டினால் கடையில் கொடுக்க மாட்டார்கள், கோபப்படாதீர்கள், பழக்கத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் அந்தக் கட்டுப்பாடு.

பாராசிட்டமால் பற்றி ஒரு கணக்கு. ஊரில் வாங்கிய டோலோ 650, அங்கே கொடுக்கும் டோலிப்ரான் 1000, இரண்டும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கே ஒரு நாள் உச்சம் 4 கிராம்தான், வயதானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாசக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், எல்லாம் வரும். சர்க்கரை இருப்பவர்கள் கூடுதல் கவனம். அப்புறம் சில மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், நாலே நாளில் பறந்து போகும் வலி என்றால் சந்தேகப்படுங்கள். பல மாதம் சாப்பிட்டுவிட்டு அங்கே போய் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தலைவலிக்காரர்கள் மாத்திரை போட்ட நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். சாதாரண மாத்திரை மாதத்துக்கு 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் போனால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

இடுப்பு வலி. நம் ஊரில் படுத்து ஓய்வெடு என்பார்கள். அங்கே 2017இலிருந்து முதுகுவலிக்குச் சரியான வைத்தியம் அசைவுதான் என்று அரசின் மருத்துவக் காப்பீட்டு அமைப்பான அசூரான்ஸ் மலதியே விளம்பரம் செய்கிறது. படுத்தால் தசை வாடும், வலி கூடும். டாக்டர் சீட்டு எழுதினால் கினே என்ற பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம், 60 சதவீதம் திரும்ப வரும். ஊரில் இருக்கும்போது சாயங்காலம் வண்டிகள் நின்றதும் கடற்கரைச் சாலையில் நடந்தீர்களே, அதைக் குளிரிலும் விடாதீர்கள். ஆனால் காலில் பலம் குறைவது, சிறுநீர் அடங்காமல் போவது அல்லது வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இதில் ஏதாவது வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழையுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்காமல் விறைத்திருந்தால் அது தேய்மானமாக இருக்காது, முடக்குவாதமாக இருக்கலாம், சீக்கிரம் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சிக்குன்குனியா வந்து போனவர்கள் அதையும் சொல்லுங்கள், அந்த மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட நிற்கும். பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் 2005, 2006இல் அது பரவியதால் பிரெஞ்சு மருத்துவர்களுக்குப் புதிய பெயர் அல்ல. இரண்டாவது குளிர்காலத்தில் தொடையும் இடுப்பும் காரணமில்லாமல் வலித்தால் விட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். நம் தோலுக்கு அங்கே கிடைக்கும் வெயில் போதாது.

என் கதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போன நாலாவது வருஷம் ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து எழுப்பிவிடும், கையை உதறினால் சரியாகும். இரண்டு வருஷம் ஊர் மாத்திரையிலேயே ஓட்டினேன், சொன்னால் வேலை போய்விடும் என்று கூட இருந்தவர்கள் பயமுறுத்தினார்கள், மேற்பார்வையாளரும் அப்படித்தான் பேசினார். அது மணிக்கட்டு நரம்பு நெரிந்து வரும் கனால் கார்ப்பியன். முதலிலேயே போயிருந்தால் இரவில் பட்டை கட்டுவது, ஊசி இவற்றோடு முடிந்திருக்கலாம், நான் போனபோது அறுவை சிகிச்சைதான் மிச்சம், காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பினேன். வேலையால் வரும் நோய்களுக்கான 57ஆம் அட்டவணையில் இது இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. துடைப்பது, பிழிவது, பாத்திரம் தேய்ப்பது என்று வேலை பார்ப்பவர்கள் டாக்டரிடம் "மலதி ப்ரொஃபெசியோனெல்" (வேலையால் வரும் நோய்) என்ற இரண்டு சொல்லைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்காத வலிக்கு மருத்துவமனைகளில் சாந்த்ர் ஆன்தி துலர் என்ற வலி மையங்கள் இருக்கின்றன. உங்கள் டாக்டரின் கடிதம் வேண்டும், காத்திருப்பு பல மாதம்கூட ஆகலாம், அதனால் முன்னாலேயே கேட்டுப் பெயரைப் போட்டுவையுங்கள். அங்கே மருத்துவர், மனநல ஆலோசகர், கினே எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். நரம்புத் தடுப்பு ஊசி, தோலில் ஒட்டும் மின் தூண்டல் கருவி எல்லாம் அங்கே உண்டு. போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். வலி எப்போது வருகிறது, 0 முதல் 10 வரை எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை நாள், எதைச் செய்ய முடியவில்லை என்று இரண்டு வாரத்துக்கு எழுதியிருந்தால் போதும். தமிழிலேயே எழுதுங்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காமல் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பெரியவர் யாரையாவது கூட்டிப் போங்கள், அம்மாவின் சிறுநீர் உபாதையைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் டாக்டரிடம் சொல்ல வைப்பது இரண்டு பேருக்குமே கஷ்டம்.