பினாங்கு வெயிலிலும் மைனாவிடமும் கார் பெயின்ட்டைக் காப்பது எப்படி?

புதுக் காரில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல் தெரிந்தால், பக்கத்தில் நிறுத்தியவர்மேல்தான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் அது நாமே கழுவும்போது போட்டதுதான். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு தலைமுடியைவிட மெலிசு. மணல் ஒட்டிய துணியை அது எத்தனை நாள் தாங்கும்? அதனால் பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் வாக்ஸ் (மெழுகு) வாங்கும் முன் ஒழுங்காகக் கழுவப் பழகுங்கள்.

வேண்டியவை: இரண்டு வாளி, கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை, இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அது போட்ட வாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

1. நேரம். வெயில் ஏறுமுன் காலையில், அல்லது மாலையில். போனட்டைத் தொட்டால் சுடக்கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கார் பார்க்கில் கழுவ விடுவார்களா என்று நிர்வாகத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

2. வெறும் தண்ணீர். துணி படுவதற்கு முன் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைத் தள்ளுங்கள். தஞ்சோங் பூங்கா, குர்னி டிரைவ் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும். சக்கரத்தின் மேல் வளைவுக்குள்ளும் கதவுகளின் அடியிலும் நன்றாக அடியுங்கள்.

3. இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். பாதிக் கார் முடிந்ததும் அலசும் வாளியின் அடியைப் பாருங்கள்: கறுப்பு மணல் படிந்திருக்கும். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் பெயின்ட்டின் மேல்தான் உருண்டிருக்கும். கூரையிலிருந்து கீழே, நேர்கோட்டில் தேய்க்கவும். சக்கரம் கடைசி, அதற்கு வேறு துணி.

4. துடைப்பது. துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். தானாகக் காயட்டும் என்று விட்டால் நீர்த்திட்டு விழும்.

அப்புறம் பறவை எச்சம். அங்சானா மரத்தடி நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், மைனா சும்மா விடாது. எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பு விழும். சுரண்டாதீர்கள். ஈர டிஷ்யூவை அதன்மேல் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் இருக்கட்டும். தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கும் சாலைப் பக்கம் நிறுத்தியிருந்தால், தெறித்த தேங்காய்த் தண்ணீரையும் காய்வதற்குள் அலசிவிடுங்கள். சில்லு இருக்கும், கையால் துடைக்க வேண்டாம்.

5. கிளே பார். பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட, கழுவினாலும் போகாத அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி இது. கழுவிய காரில், பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு போனட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் கிளே தேவை. வழவழப்பாக இருந்தால் இதை விட்டுவிடலாம். ஷாம்பு நீரைத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் தேய்க்கவும். கட்டி தரையில் விழுந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள்.

6. வாக்ஸ். நிழலில், சிறு சிறு பகுதியாக, மெல்லிசாகப் பூசவும். தடிமனாகப் பூசினால் துடைக்கத்தான் கஷ்டம், பளபளப்பு அதிகமாகாது. பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா வாக்ஸ் அழகுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் போய்விடும். புதியவர்களுக்கு நான் சொல்வது, வாக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட். பூசுவதும் சுலபம், கூடுதல் நாளும் நிற்கும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் படாமல் பாருங்கள், வெள்ளைக் கறை லேசில் போகாது. மழைத் தண்ணீர் மணி மணியாக உருளாமல் தட்டையாகப் பரவ ஆரம்பித்தால், அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.