பழைய மதுரையைப் படம் பிடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

சுவரிலும் தகரத்திலும் போர்டு எழுதுவது என் தொழில். மதுரைப் பக்கம் பழைய காலக் கதை ஷூட்டிங் வந்தால் கடைப் பெயர், மைல்கல், விளம்பரத் தட்டி எழுதக் கூப்பிடுவார்கள். வருகிற உதவி இயக்குநரிடம் நான் முதலில் கேட்பது, "கதை எந்த வருஷம் தம்பி?" பல நேரம் வரும் பதில், "பழைய காலம்ணே."

அது போதாது. வருஷம் முடிவாகாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. 1956-க்கும் 1958-க்கும் நடுவில் காசே மாறிவிட்டது. ஆகவே முதல் வேலை, கதையின் வருஷத்தையும் தமிழ் மாதத்தையும் ஒரு அட்டையில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுவது. அப்புறம் ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பழசு புதுசுக்குள் இருக்கலாம், புதுசு பழசுக்குள் இருக்கக் கூடாது. 1962-இல் நடக்கும் கதையில் தாத்தா கட்டிய வீடும் துருப்பிடித்த போர்டும் தாராளமாக இருக்கலாம். உண்மையில் இருந்தாக வேண்டும். எல்லாப் பொருளும் அதே வருஷத்தில் வாங்கியதாகத் தெரிந்தால் தெரு, கடை ஷோகேஸ் மாதிரி ஆகிவிடும்.

என் கை பழகிய விஷயம் எழுத்து, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்று நாம் எழுதும் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நிலைத்தவை. அதற்கு முன் 'வெற்றிலை பாக்குக் கடை' என்று எழுதினால் 'லை'யில் தனி இணைக்கொம்பு கிடையாது. ல-வோடு ஒட்டி, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழும்பி நிற்கும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழித்துக்கொண்டு கீழே இறங்கும். கம்ப்யூட்டரில் சாதாரணமாகக் கிடைக்கும் எழுத்துருவில் இவை வராது. அடித்து, அச்சுப் போட்டு, தூசி பூசிப் பழசாக்கினாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்றிலிருந்து எழுத்தைக் கண்ணாடித்தாளில் நகல் எடுத்து, பிரஷ்ஷால் எழுதுங்கள். 1985-இல் நடக்கும் கதை என்றால் இரண்டு வகையும் கலந்து வரலாம், ஏனென்றால் அரசாணை வந்த மறுநாளே யாரும் போர்டை அழித்து எழுதவில்லை.

போர்டில் இன்னும் சில இடறல்கள் உண்டு. 'தமிழ்நாடு' என்று மாநிலத்துக்குப் பெயர் வந்தது 1969 ஜனவரி 14. அதற்கு முந்தைய கதையில் அரசு அலுவலக வாசலில் அதை யோசிக்காமல் எழுதாதீர்கள். தபால் முகவரியில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். வண்டி நம்பரில் 'டிஎன்' 1989-க்குப் பிறகு. காசு விஷயம்: 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து நயா பைசா. 1964-இல் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது. மாறிய புதிதில் இரண்டு காசும் கையில் புழங்கின. 1958 கதையில் கிழவி அணாக் கணக்கில் பேசுவது சரிதான், கடைக்காரர் 1955-இல் நயா பைசா கேட்பதுதான் தவறு.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் ஜாக்கிரதை கூட வேண்டும். பாண்டிய நாட்டில் பத்தாம் நூற்றாண்டு வரை கல்லில் வெட்டியது பெரும்பாலும் வட்டெழுத்து. மதுரைப் பக்கத்து ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்பு என்றால் மாங்குளம் மலையில் இருப்பது போன்ற தமிழி என்னும் மிகப் பழைய எழுத்து. மன்னர் கையில் இருக்கும் ஓலையில் இன்றைய எழுத்தில், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, மெய்க்கெல்லாம் புள்ளி வைத்து எழுதியிருந்தால், அந்த ஓலையை க்ளோசப்பில் காட்டாமல் விடுவதே மேல்.

கட்டிடங்களுக்கு வருவோம். திருமலை நாயக்கர் மகால் 1636-இல் எழுந்தது. அந்தத் தூண்களுக்கு நடுவே பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியனை நடக்கவிட்டால் நானூறு வருஷம் முன்கூட்டியே அரண்மனை கட்டியதாக ஆகும். திருமலை நாயக்கர் கதைக்குமே அதை அப்படியே காட்ட முடியாது. பேரன் சொக்கநாதர் காலத்தில் பெரும்பகுதி இடிபட்டது, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866-72 காலத்தில் பழுதுபார்த்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலைத் தூரத்தில் காட்டும்போது வடக்குக் கோபுரத்தைக் கவனியுங்கள். வெகுகாலம் முற்றுப்பெறாமல் மொட்டைக் கோபுரமாகவே நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முழுமையானது. கட்டபொம்மன் காலத்துக் கதையில் நான்கு கோபுரமும் சுதைச் சிற்பத்தோடு நின்றால் தவறு. அதே காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர் இருந்தது, அதை இடித்தது 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன். வைகை மேல் நிற்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889-இல், மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல்.

ஊருக்கு வெளியே சண்டைக் காட்சி எடுப்பவர்கள் ஏமாறுவது செடிகொடியில்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம் நிற்கும், அதற்குள் பாண்டியர் குதிரைப்படை வரும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் கண்மாய்களை அடைத்தது சென்ற நூற்றாண்டில். தைலமரம், மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, சப்பாத்திக்கள்ளி, வெங்காயத்தாமரை, காகிதப்பூ எதுவும் அந்தப் படையைப் பார்த்திருக்காது. பனை, வேம்பு, ஆல், நாட்டுக் கருவேலம் நிற்கும் இடமாகத் தேடுங்கள். மேலூர்ப் பக்கம் எடுத்தால் பின்னால் கிரானைட் அறுத்த மலை நேர்கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அரண்மனைச் சமையலறையில் மிளகாய், தக்காளி, நிலக்கடலை வேண்டாம், போர்த்துக்கீசியர் வந்த பிறகே அவை இங்கே வந்தன. மிளகு, இஞ்சி, புளி போதும். நடிகையின் மேல்கையில் தடுப்பூசித் தழும்பு இருந்தால் மேக்கப்காரரிடம் சொல்லுங்கள்.

ஒரு முறை ஒரு தம்பி கேட்டார், "யாருண்ணே இதையெல்லாம் பாக்கப் போறா?" இந்த ஊர்த் தியேட்டரில் உட்காரும் அப்பத்தா பார்ப்பார். தண்டட்டி போட்டு வளர்த்த காது எப்படித் தொங்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் வாழ்ந்த காலத்தை அவருக்கே தப்பாகக் காட்டுவது மரியாதை இல்லை.

கன்டினியூட்டிக்கு, அதாவது துண்டு துண்டாக எடுத்த காட்சி ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதற்கு, மதுரையில் மூன்று சாட்சிகள் உண்டு. முதலாவது மல்லிகை. மத்தியானம் மொட்டு, பொழுது சாயும்போது விரியும், மறுநாள் காலை வாடிப் பழுப்பேறும். ஒரே உரையாடலை இரண்டு நாளில் எடுத்தால், கோணம் மாறும்போதெல்லாம் கொண்டையில் பூ விரிந்தும் மூடியும் ஆடும். முதல் நாள் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே பக்குவத்துப் பூவை வாங்குங்கள். இரண்டாவது நிழல். மார்கழி நடுப்பகலில் ஆறடி ஆளின் நிழல் சுமார் நாலடி நீண்டு வடக்கே விழும். ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் நிழல் தெற்கே திரும்பிக் குட்டையாக விழும். மார்கழிக் காட்சியை ஜூனில் எடுப்பதானால் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். மூன்றாவது நிலா. அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில், அந்த இரவு வானத்தில் பிறை காட்டக் கூடாது. அந்தத் திருவிழாவை மீனாட்சி கோயிலின் சித்திரைத் திருவிழாவோடு சேர்த்தது திருமலை நாயக்கர் என்பது வழக்கு, ஆகவே அதற்கு முந்தைய கதையில் அந்தக் காட்சியே வேண்டாம்.

விலை, காசு, கையெழுத்து மூன்றுக்கும் நல்ல ஆதாரம் வீடுகளில் கிடக்கும் பழைய மொய் நோட்டு. தேதி, ஊர், பெயர், அணா பைசா எல்லாம் அதில் இருக்கும், எழுத்தும் அந்தக் காலத்து எழுத்தே. பெரியவர்களிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அங்கேயே உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டை செட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.