நெல் கிடங்குக்குள் வைஃபை சிக்னல் எவ்வளவு குறைகிறது? அளக்கும் முறை

காலிக் கிடங்கில் ஒழுங்காக வேலை செய்த ஈரப்பத சென்சார், குறுவை மூட்டைகளை அடுக்கியதும் தொடர்பை இழக்கும். காரணம் நெல்லில் உள்ள தண்ணீர். 17 சதவீத ஈரப்பதம் உள்ள 40 கிலோ சிப்பத்தில் கிட்டத்தட்ட 7 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சும். அதனால் காலியாக இருக்கும்போது ஒருமுறை, மூட்டை நிறைந்தபின் ஒருமுறை என இரண்டு முறை அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்தால் பயனில்லை.

தேவையானவை: இரண்டு இஎஸ்பி-32 போர்டு (வைஃபை வசதியுள்ள சிறிய மின்னணுப் பலகை), இரண்டு பவர்பேங்க், 30 மீட்டர் டேப், சாக்பீஸ், ஆளுயர பிவிசி குழாய் இரண்டு. இரும்புக் குழாய் வேண்டாம், அதுவே அலையைத் திருப்பிவிடும். ஒரு போர்டை அனுப்பியாக வைத்து, சேனல் 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றிலும், திறனை 11 டிபிஎம்மிலும் நிலைநிறுத்துங்கள். (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் திறன் அளவு. மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் நலிந்தது என்று பொருள்.) வரிசை எண்ணோடு விநாடிக்குப் பத்து பாக்கெட் (சிறு தகவல் துண்டு) அனுப்பட்டும். மற்றது சிக்னல் அளவைப் பதிவு செய்யும். இரண்டு ஆன்டெனாவும் ஒரே திசையில் நிமிர்ந்து இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலும் அளக்கலாம், ஆனால் அது சாதாரணமாக 2 நிமிடத்துக்கு 4 தேடலுக்கு மேல் அனுமதிக்காது. டெவலப்பர் அமைப்பில் அந்தக் கட்டுப்பாட்டை முதலில் நீக்குங்கள்.

அனுப்பியை இரும்புத் தூணிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். நடைபாதை நெடுக 1, 2, 4, 8, 16 மீட்டரில் சாக்பீஸால் குறியிடுங்கள். தூரம் இரட்டிப்பாகும்படி வைத்தால் கணக்கு சுலபம்.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த படியில்தான். குறி மேல் நின்று ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொள்வார்கள். தகரக் கூரையிலும் ஷட்டரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், 6 சென்டிமீட்டர் நகர்ந்தாலே அளவு 10 டெசிபலுக்கு மேல் மாறலாம். அதனால் ஒவ்வொரு குறியிலும் குழாயை அரை மீட்டர் ஆரத்தில் மெதுவாகச் சுற்றி, 100 பாக்கெட்டாவது பதிவு செய்யுங்கள். உங்கள் உடல் நடுவில் மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

சராசரி எடுக்கும்போது டிபிஎம் எண்களை அப்படியே கூட்டி வகுக்காதீர்கள். −60, −80 இரண்டுக்கும் சராசரி −70 என்று தோன்றும். மில்லிவாட்டுக்கு மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் −63 வரும். அதுதான் சரியான சராசரித் திறன். வராமல் போன பாக்கெட்டுகளையும் எண்ணுங்கள். சிக்னல் நலிந்த இடத்தில் வலுவானவை மட்டும் வந்து சேரும். மீதியை மறந்தால் சராசரி உண்மையைவிட நன்றாகத் தெரியும். பத்தில் ஒன்றுக்கு மேல் தொலைந்த குறியின் சராசரியைக் கணக்கில் சேர்க்காமல், ‘எல்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

இனிக் கணக்கு. 1 மீட்டரில் −38, 16 மீட்டரில் −71 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 33. அதை 12-ஆல் வகுத்தால் 2.75. (16-இன் மடக்கை 1.2, அதன் பத்து மடங்கே அந்த 12.) தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை இந்த எண் காட்டும்; திறந்தவெளியில் அது 2. நீண்ட சந்தில் 2-க்குக் கீழேகூட இறங்கும், மூட்டைகளுக்கு நடுவே 3-ஐத் தாண்டினால் வியக்க வேண்டாம். மலிவான போர்டு காட்டும் அளவு துல்லியமானதல்ல. ஆனாலும் 1 மீட்டர் அளவைக் கழிப்பதால் அந்தப் பிழை பெரும்பாலும் ஒழிந்துவிடும். எனவே இரு முறையும் அதே போர்டுகளையே பயன்படுத்துங்கள்.

சுவரின் இழப்பு வேண்டுமென்றால், சுவர் நடுவே இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே தூரத்தில் அளந்து கழியுங்கள். கதவைத் திறந்தும் மூடியும் இரண்டு தடவை பாருங்கள். மூடியதும் அளவு சட்டென விழுந்தால், அலை அதுவரை கதவு வழியாக வந்திருக்கிறது, நீங்கள் அளந்தது சுவரை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த செங்கல் சுவர் கோடையைவிடக் கூடுதலாக விழுங்கும்.

ரௌட்டரின் இடத்தை நிறைந்த கிடங்கின் அளவை வைத்தே முடிவு செய்து, அதற்கும் மேல் 10 டெசிபல் இருப்பு விடுங்கள். அடுக்கின் உச்சிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியில் மாட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சென்சார் அடுக்குக்குள்ளேயே புதைந்திருந்தால், உரிமம் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா போர்டுக்கு (குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலைத் தொலைதூரம் அனுப்பும் வானொலிப் பலகை) மாறி இதே முறையில் அளங்கள். அங்கே அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், ஆகவே குழாயை ஒன்றரை மீட்டர் ஆரத்தில் சுற்ற வேண்டும்.