வேலை செய்பவர்களைப் படம் எடுப்பது எப்படி? டீக்கடையில் தொடங்குங்கள்

முதல் படி: கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். டீ சொல்லிவிட்டு, "அண்ணே, நீங்க டீ ஆத்துறதைப் படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சம்மதித்தாலும் உடனே எடுக்காதீர்கள்; பத்து டீ ஆற்றும்வரை பாருங்கள். எந்த வேலையிலும் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். மாஸ்டரின் கை முழுக்க உயர்ந்து, டீ நீளக் கயிறாக விழும் நொடி எது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும். என்னைக் கேட்டால் பாதிப் படம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். 1/500 நொடியில் டீயின் சொட்டுகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். 1/30இல் பட்டு நூல்போல வழியும். ஆற்றும்போது தலை அதிகம் அசையாது என்பதால் முகம் ஓரளவு தெளிவாகவே கிடைக்கும். கொல்லுப் பட்டறையில் இன்னொரு வசதி உண்டு. ஓங்கிய சம்மட்டி உச்சியில் ஒரு கணம் நின்றுதான் இறங்கும். அங்கே அழுத்தினால் 1/125கூடப் போதும். பட்டறை இருட்டு படத்திலும் இருட்டாக இருக்கட்டும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்து, நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைப் (white balance) பகல் வெளிச்சத்துக்கு வைத்தால் உலைநெருப்பின் செம்மை அப்படியே வரும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு தலைகீழ். வெள்ளை வெளேரென்ற உப்பைப் பார்த்து கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். செல்போனில் முகத்தின் மேல் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்று ஏற்றினால் போதும். உப்பே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால், தலைத்துண்டின் நிழலில் இருக்கும் முகமும் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள். வரப்பில் மட்டும் நடங்கள்.

தறிவீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் விடுங்கள். கேமரா வார் பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களில்) உரசி ஓர் இழை அறுந்தாலும், தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். பட்டு நெசவில் பெரும்பாலும் சேலைக் கணக்கில்தான் கூலி. "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க", "இன்னொரு தடவை" என்று நாம் நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலி. அவர் போக்கிலேயே நெய்யட்டும். ட்யூப் லைட்டில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

எடுக்கும் வரிசை: முதலில் இடம் முழுவதும், பிறகு ஆளும் கருவியும், கடைசியில் கை மட்டும். நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக் கருவி) தள்ளும் விரல்களுக்கு அருகில் போகக் கூச்சப்படாதீர்கள்.

நேராக நிற்கவைத்து ஒரு படம் வேண்டுமென்றால் வேலை இடைவேளையில் கேளுங்கள். ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் 1928இல் எடுத்த பேஸ்ட்ரி சமையல்காரர், கையில் பாத்திரத்தோடு நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்பார். சிரிப்பு இல்லை; ஆனால் அந்த நிற்பில் தொழில்காரரின் மிடுக்கு இருக்கிறது. நீங்களும் சிரிக்கச் சொல்லாதீர்கள். அவருடைய கருவியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இணையத்தில் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்குக் கேமராவும் கையில் இருக்கட்டும்: முதல் நாள் உங்களைப் பார்த்து விறைத்தவர், இந்த முறை வேலையைவிட்டுத் தலை நிமிரமாட்டார்.