என்பிஏ பிளேஆஃப் அதிர்ச்சிகளில் எது பெரியது? நீங்களே கணக்குப் போட ஒரு வழி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், சீசன் முடிந்ததும் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் கடைசி இடத்தில் உள்ளே வந்த அணி முதல் இடத்து அணியைத் தூக்கி எறிந்த கதைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். பெரும்பாலும் யாருக்கு எந்த ஆட்டம் கண்ணிலேயே நிற்கிறதோ அதற்குத்தான் முதலிடம். இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும், கூடைப்பந்து விதிகள் முழுசாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலிருந்தும் பிளேஆஃபுக்கு எட்டு அணிகள், முதல் சுற்றில் ஒன்றாம் இடமும் எட்டாம் இடமும் மோதும். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

படி 1: ஒரே வகையை மட்டும் எடுங்கள்

இறுதிச் சுற்று அதிர்ச்சியையும் முதல் சுற்று அதிர்ச்சியையும் ஒரே தட்டில் வைத்தால் குழப்பம்தான். எட்டாம் இடம் ஒன்றாம் இடத்தை வீழ்த்தியவற்றை மட்டும் பார்ப்போம். பதினாறு அணிகள் முறை வந்த 1984 தொடங்கி 2023 வரை ஆறே ஆறுதான்: 1994-ல் டென்வர் சியாட்டிலை, 1999-ல் நியூயார்க் மயாமியை, 2007-ல் கோல்டன் ஸ்டேட் டல்லாஸை, 2011-ல் மெம்ஃபிஸ் சான் அன்டோனியோவை, 2012-ல் ஃபிலடெல்ஃபியா சிகாகோவை, 2023-ல் மயாமி மில்வாக்கியை.

படி 2: இடத்தை மறந்துவிட்டு வெற்றி சதவீதத்தைப் பாருங்கள்

வெற்றிகளின் எண்ணிக்கையை அப்படியே கழித்தால் சரிவராது. வழக்கமாக ஒரு சீசனில் 82 ஆட்டங்கள், ஆனால் சம்பளத் தகராறில் லீக்கே பூட்டிக் கிடந்ததால் 1999-ல் 50, 2012-ல் 66 ஆட்டங்கள்தான் நடந்தன. அதனால் சதவீதமாக மாற்றுங்கள். டல்லாஸ் 82-க்கு 67 வெற்றி, கோல்டன் ஸ்டேட் 42 வெற்றி, வித்தியாசம் சுமார் 30 சதவீதப் புள்ளி. சியாட்டில் 63, டென்வர் 42, அது சுமார் 26. சிகாகோ–ஃபிலடெல்ஃபியா கிட்டத்தட்ட 23, சான் அன்டோனியோ–மெம்ஃபிஸ் 18, மில்வாக்கி–மயாமி 17.

1999-ஐப் பாருங்கள். மயாமி 33 வெற்றி, நியூயார்க் 27. வெறும் 12 சதவீதப் புள்ளிதான். மயாமிக்கு முதலிடம் கிடைத்ததே, அதே 33 வெற்றி எடுத்த இன்னும் இரண்டு அணிகளைத் தாண்டித்தான். கடைசி ஆட்டத்தில் நியூயார்க்கின் ஆலன் ஹூஸ்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, பலகையில் பட்டு, 0.8 வினாடி மிச்சமிருக்கும்போது உள்ளே விழுந்து 78–77 என்று முடிந்ததால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கதை பிரமாதம், அதிர்ச்சி சின்னது.

படி 3: தொடர் எத்தனை ஆட்டம்?

2003-க்கு முன்னால் முதல் சுற்றில் ஐந்து ஆட்டங்களில் மூன்று வென்றால் போதும், அதற்குப் பிறகு ஏழில் நான்கு. தொடர் நீள நீள பலவீனமான அணிக்குக் கஷ்டம். ஓர் ஆட்டத்தை வெல்ல அதற்கு 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஐந்தாட்டத் தொடரை வெல்ல சுமார் 16 சதவீதம், ஏழாட்டத் தொடரை வெல்ல 13 சதவீதம்கூட வராது. ஆக 1994-க்கும் 1999-க்கும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டென்வருக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம் என்பது என் எண்ணம். சியாட்டிலில் முதல் இரண்டையும் தோற்றுவிட்டு அடுத்த மூன்றையும் வென்ற அணி அது, அதிலும் கடைசி ஆட்டம் மறுபடி சியாட்டிலிலேயே, கூடுதல் நேரம் வரை போனது. ஐந்து ஆட்டங்களில் 31 பந்துகளைத் தடுத்த டிகெம்பே முடோம்போ, முடிந்ததும் தரையில் மல்லாந்து, பந்தை முகத்துக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

படி 4: யார் ஆடவில்லை?

இங்கேதான் பட்டியல் தலைகீழாகும். 2012-ல் முதல் ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை, சிகாகோ 12 புள்ளி முன்னிலை, அந்த நேரத்தில் அதன் நட்சத்திரம் டெரிக் ரோஸின் முழங்கால் போனது. மூன்றாம் ஆட்டத்தில் அதே அணியின் ஜோகிம் நோவாவின் கணுக்கால். ஃபிலடெல்ஃபியா வீழ்த்தியது 50 வெற்றி எடுத்த சிகாகோவை அல்ல, அதில் மிச்சமிருந்ததை. ஆகவே அந்த 23-ஐப் பெரிதாக வெட்டிவிடலாம்.

2023 கொஞ்சம் சிக்கல். மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் முதல் ஆட்டத்தில் சீக்கிரமே வெளியேறி அடுத்த இரண்டிலும் ஆடவில்லை. ஆனால் மயாமியிலும் டைலர் ஹீரோ முதல் ஆட்டத்திலேயே கையை உடைத்துக்கொண்டார், அப்புறம் யானிஸ் திரும்பி வந்த இரண்டு ஆட்டங்களிலும் மில்வாக்கி தோற்றது, அதில் ஒன்றில் மயாமியின் ஜிம்மி பட்லர் தனியாக 56 புள்ளி. ஆகவே இதை அதிகம் வெட்ட மாட்டேன்.

படி 5: முன்பே தெரிந்திருக்க வேண்டுமா?

சீசனில் இரு அணிகளும் மோதிய முடிவுகளைப் பாருங்கள். 2007-ல் டல்லாஸை கோல்டன் ஸ்டேட் மூன்று முறையும் வென்றிருந்தது. அதன் பயிற்சியாளர் டான் நெல்சன் அதற்கு முன் டல்லாஸிலேயே பல வருடம் இருந்தவர், டிர்க் நோவிட்ஸ்கியை வளர்த்தவர், அவருக்கு என்ன பிடிக்காது என்று நன்றாகத் தெரியும். ஏழடி உயர நோவிட்ஸ்கி மேல் ஸ்டீபன் ஜாக்சன் போன்ற, அவரைவிடக் குள்ளமான, வேகமான ஆட்களை ஒட்டவைத்தார். பயந்துபோன டல்லாஸ் முதல் ஆட்டத்திலேயே கூடைக்கு அருகில் ஆடும் தன் உயரமான ஆட்களை (சென்டர்கள்) உட்காரவைத்துவிட்டு, உயரம் குறைந்த அணியாக இறங்கித் தோற்றது. 67 வெற்றி எடுத்த அணி 42 வெற்றி எடுத்த அணிக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது! ஆறாம் ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 13 எறிந்து 2 மட்டும் போட்டார். அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதை வெளியேறிய பிறகு வாங்கினார்.

இதற்காக 2007-க்குக் கொஞ்சம் குறைத்தாலும், காயம் என்று சொல்ல எதுவுமில்லாத, ஏழாட்டத் தொடரில் 30 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை வேறு எதுவும் நெருங்கவில்லை. என் வரிசை: 2007, 1994, 2023, 2011, 2012, 1999. 2023-ஐயும் 2011-ஐயும் நீங்கள் மாற்றிப்போட்டால் சண்டைக்கு வர மாட்டேன்.

இதே முறையை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். 2004-ல் டெட்ராய்ட் 54 வெற்றி, லேக்கர்ஸ் 56, சதவீதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஷாக், கோபி, மலோன், பேடன் என்று பெயர்களைப் பார்த்து எல்லோரும் லேக்கர்ஸ் என்றார்கள், டெட்ராய்ட் 4–1 என்று முடித்தது. அதற்குப் படி 4-லிருந்து ஆரம்பியுங்கள், மலோனின் முழங்காலிலிருந்து.