மீட்டெடுத்த நாயைக் கயிற்றில் அமைதியாக நடக்கப் பழக்குதல்: தோட்டப் பகுதியில் வாழ்வோருக்கான செய்முறை

இலங்கை மலையகத்தில் நம் வீடுகளுக்கு வந்து சேரும் நாய்களில் பல, லயங்களையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கொழுந்து மடுவங்களையும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகைகள்) சுற்றிச் சுதந்திரமாக வளர்ந்தவை. மற்றவை, பிறந்தது முதல் இஸ்தோப்பு எனும் முன்திண்ணைத் தூணில் சங்கிலியோடு கிடந்தவை. முதல் வகைக்குக் கயிறு என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாம் வகைக்கு அது சிறையாகவே தெரியும். ஹட்டன் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த செம்பி இரண்டாம் வகை. இன்று அவள் தோட்டப் பாதையில் தளர்ந்த கயிற்றோடு என் பக்கத்தில் நடந்து வருகிறாள் என்றால், கயிற்றின் இறுக்கத்தைத் தானே தளர்த்திக்கொள்ள முடியும் என்பதை அவள் கற்றுக்கொண்டதே காரணம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைக் கற்பிப்பதற்கானவை.

விசர்நாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி நீக்கம் ஆகியவற்றை முதலில் கால்நடை வைத்தியரிடம் முடித்துக்கொள்ளுங்கள். சங்கிலி அறுத்த கழுத்துப் புண் ஆறும்வரை பயிற்சி வேண்டாம்.

எதை வாங்குவது

கழுத்துப் பட்டியில் மட்டும் கயிற்றை மாட்டிப் பழக்குவதை நான் ஏற்பதில்லை. பயந்த நாய் பின்வாங்கும்போது முழு அழுத்தமும் தொண்டையில் விழுகிறது. மெலிந்த நாயாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடியும் விடும். தோள்கள் தடையின்றி அசையுமாறு மார்பைச் சுற்றி அமையும் ஹார்னஸ் வாங்குங்கள். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். ஹார்னஸையும் கழுத்துப் பட்டியையும் சிறிய இணைப்புக் கயிறு ஒன்றால் சேர்த்துவிட்டால், ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

கயிறு 2 மீற்றர் நீளமுள்ள தட்டையான பருத்தி நாடாவாக இருப்பது நல்லது. தோல் வார் நம் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்; நைலோன் நனைந்தால் கையில் வழுக்கும். தானாகச் சுருளும் கயிற்றை வாங்கவே வேண்டாம்: அது எப்போதும் சிறிது இழுத்துக்கொண்டே இருப்பதால், இறுக்கம் ஒருபோதும் நீங்காது என்றே நாய்க்குக் கற்பிக்கிறது, வளைவில் பஸ் வரும்போது அதை விரைவாகச் சுருக்கவும் முடியாது. இரும்புச் சங்கிலியின் ஓசையே கட்டுண்டு கிடந்த நாயை நடுங்க வைக்கும். கழுத்தை இறுக்கும் சங்கிலிகள் எந்த நாய்க்கும் வேண்டாம்.

வீட்டுக்குள் அணிவித்தல்

ஹார்னஸைத் தரையில் வைத்து அதன்மேல் உணவு வையுங்கள். நாய் தானாகத் தலையை நுழைக்கத் தொடங்கிய பிறகு கொக்கியை மாட்டுங்கள். அணிந்தபடியே அது சாப்பிடவும் படுக்கவும் பழகினால் இந்தப் படி முடிந்தது.

இறுக்கத்துக்கு இணங்கக் கற்பித்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். செம்பியின் விடயத்தில் மிக நீண்ட காலம் எடுத்ததும் இதுதான். நாயை ஒரு பக்கம் இழுத்தால் அது மறுபக்கம் சாயும். நம் இழுப்பு கூடக்கூட அதன் எதிர்ப்பும் கூடும். ஆகவே இழுத்துக் கொண்டுபோவதை முற்றாக விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே இவ்வாறு செய்யுங்கள்.

கயிற்றை ஹார்னஸில் மாட்டி, ஓர் எலுமிச்சம்பழத்தின் கனமளவுக்கு மட்டும் ஒரு பக்கமாக இறுக்கம் கொடுங்கள். அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், பேசாமல் காத்திருங்கள். நாய் உங்கள் பக்கம் தலையைத் திருப்பினாலோ, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றினாலோ, அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்தி, "சரி" என்று சொல்லி, அவித்த கோழி இறைச்சியில் நகத்தளவு துண்டு கொடுங்கள். கயிறு தளர்வதே உண்மையான பரிசு. உணவு அதை உறுதிப்படுத்துகிறது. தளர்வு சற்றுத் தாமதித்தாலும் எதற்காகத் தளர்ந்தது என்பதை நாய் பொருத்திப் பார்க்க முடியாது. இடப்பக்கம் கற்றதை வலப்பக்கத்துக்கு அது தானாகக் கொண்டுசெல்லாது என்பதால், ஒவ்வொரு திசையையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

சில நாய்கள் இறுக்கம் பட்டதும் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். உணவை நீட்டிப் பாருங்கள். பசியிருந்தும் கோழி இறைச்சியை வாங்க மறுக்கும் நாய், கற்கும் நிலையில் இல்லாத அளவுக்கு அஞ்சியிருக்கிறது. காதுகள் பின்னால் ஒட்டுதல், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரிதல் ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. அப்போது கயிற்றைக் கீழே விட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, துண்டுகளைச் சற்றுத் தள்ளிப் போட்டு, நாய் எழுந்து நடக்கும்வரை பொறுத்திருங்கள். அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திக்கொள்வதில் நட்டம் எதுவும் இல்லை.

வாசலுக்கு வெளியே

கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். இந்த விதியை வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். இறக்கத்தில் நாய் முன்னோக்கி இழுப்பது அதிகம் என்பதால், முதல் நடைகளை ஏற்றத்தில் தொடங்குங்கள். லயங்களுக்கிடையிலான படிக்கட்டுகள் மழையில் பாசி பிடித்திருக்கும். அங்கே கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது உங்களுக்கும் ஆபத்து.

லயத்து நாய்களும் கொழுந்து லொறியும்தான் பெரிய சோதனை. நாய் அவற்றைப் பார்த்தும் உணவு வாங்கக்கூடிய தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அந்தத் தூரத்தில் நின்று, லொறி தெரியும்போதெல்லாம் உணவு கொடுங்கள். அமைதி நிலைத்த பிறகே சிறிது சிறிதாக நெருங்குங்கள். அச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்: காலையில் பஸ் ஹோர்னுக்கு நடுங்கிய நாய், வேறு நாட்களில் பொருட்படுத்தாத ஒரு பூனைக்கும் அன்று மாலை துள்ளக்கூடும்.

தேயிலை மலை ஓரங்களில் சிறுத்தைகள் நாய்களை வேட்டையாடுவதால், அதிகாலை இருளிலும் அந்தி சாய்ந்த பிறகும் நடையைத் தவிருங்கள். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளும் புதர்களில் இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் லக்சபான தோட்டத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தை அத்தகைய கண்ணியால்தான் உயிரிழந்தது. எவ்வளவு பழகிய நாயானாலும் தேயிலைச் செடிகளுக்குள் அவிழ்த்துவிடாதீர்கள்.

பின்னர் சேர்த்தவை

வீட்டில் நன்றாக நடக்கும் நாய் பாதையில் மட்டும் கயிற்றைக் கடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது பதற்றம்; நாய் அஞ்சும் ஏதோ ஒன்று மிக அருகில் இருப்பதன் அறிகுறி. கயிற்றைப் பறிக்க முயன்றால் அது விளையாட்டாக மாறிவிடும். கயிற்றை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தரையில் சில துண்டுகளைப் போட்டு முகரவிடுங்கள். முகர்தல் நாயைத் தணிக்கும்.

நடை முடிந்ததும் கால் விரல்களுக்கிடையில் அட்டையும், ஹார்னஸ் பட்டையின் கீழே உரசல் புண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நனைந்த பட்டையை அணிவித்தபடி விடுவதே புண்ணுக்கு முக்கியக் காரணம் என்பதால், மழைக்காலத்துக்கு இரண்டாவது ஹார்னஸ் ஒன்று வைத்திருப்பது வீண்செலவல்ல.

கோயில் திருவிழாவில் தப்பு மேளம் முழங்கும் நாட்களிலும், தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்கும் நாட்களிலும் வெளிநடை வேண்டாம். வீட்டின் உள்ளறையில் ஹார்னஸ் இல்லாமல் இருக்கவிட்டு, ஓசை அடங்கிய மறுநாள் பழைய பாதையின் மிகக் குறுகிய பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.